ஒரு காய்ச்சல், இரண்டு ரிப்போர்ட்

டெங்கு பாசிட்டிவ் என்று லேபிலிருந்து சீட்டு வந்ததும் வீட்டில் ஒரு நிம்மதி பரவும். கேட்க விசித்திரமாக இருக்கலாம். ஆனால் காய்ச்சல்காரரோடு நான்கு ராத்திரி விழித்திருந்தவர்களுக்கு அது தெரியும். என்னவென்றே தெரியாமல் கொதித்துக்கொண்டிருந்த உடம்புக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. இனி பிளேட்லெட் பார்க்க வேண்டும், இளநீர் வாங்க வேண்டும், பக்கத்து வீட்டில் சொல்லிப் பப்பாளி இலை பறிக்க வேண்டும். மருத்துவருக்கும் அதே நிம்மதிதான். வாசலில் இன்னும் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கிடைத்த நோயாளியை வார்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடலாம்.

அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. ஒரு கிருமி இருக்கிறது என்று சொல்லும் சீட்டு, வேறு கிருமி இல்லை என்று சொல்வதில்லை. பல சமயம், அது இருப்பதாகச் சொல்லும் கிருமியே இந்தக் காய்ச்சலுக்குக் காரணமாக இருப்பதும் இல்லை. இதை விளக்குவதற்குப் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவு மிகவும் வசதியான இடம்.

விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் திணறி ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கத்து ஏலத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிடும். பொழுது சாயும்போது அதே ஜீப்பில் அதே ஆட்கள் கீழே வருவார்கள். அந்த வண்டியில் பெண்கள்தான் அதிகம். ஒரே நாளில் அவர்கள் இரண்டு வேறு நோய்ச்சூழல்களில் வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கீழே, வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் ஏடிஸ் எஜிப்தி கொசு முட்டையிடுகிறது. அது டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் வாகனம். மேலே இருப்பது வேறு கதை.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரின் அடியிலிருந்து சரம் கிளம்பும். பல ரகங்களில் அது தரையோடு தரையாகப் படரும். காய் எடுப்பவர் தூருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சருகை விலக்கி, பழுத்த காயாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்திருக்காமலேயே அடுத்த தூருக்கு நகர்வார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் பை. அந்த உட்காரும் இடம்தான் முக்கியம். நிழல் மரங்களுக்குக் கீழே எப்போதும் ஈரம். மக்கிய சருகு. பழுத்த காயைத் தின்ன வரும் எலி. எலி இருந்தால் அதன் மூத்திரம் மண்ணில் இருக்கும். மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா இருந்தால் எலிக்காய்ச்சல் வரும். காலிலோ கையிலோ ஒரு கீறல் போதும். எலியின் காதுக்குள் சிவப்புத் தூசி போல ஒட்டியிருக்கும் இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

தோட்ட வேலைக்குப் போகும் யாரிடமும் எதற்குப் பயம் என்று கேட்டால் அட்டை என்பார்கள். அட்டைக்கு உப்பு உண்டு, சுண்ணாம்பு உண்டு, புகையிலை உண்டு. அட்டை கடித்தால் ரத்தம் வழியும், கண்ணுக்குத் தெரியும், பிடுங்கி எறியலாம். ஆனால் அட்டையால் ஆள் சாவதில்லை. ஆளைச் சாய்ப்பது, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளமுள்ள ஓர் இளம்பூச்சி. லெப்டோட்ராம்பிடியம் டெலியன்ஸே என்ற நுண்சிலந்தி இனத்தின் குஞ்சு. ஆறு கால், ஆரஞ்சு நிறம். இதன் வாழ்க்கை வரலாறு விநோதமானது. வளர்ந்த பூச்சி யாரையும் கடிப்பதில்லை. மண்ணுக்குள் மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று பிழைக்கிறது. குஞ்சாக இருக்கும்போது மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதற்கு முதுகெலும்புள்ள பிராணியின் உடல்நீர் வேண்டும். புல் நுனியிலும் சருகின் விளிம்பிலும் கூட்டமாகக் காத்திருக்கும். எலி வந்தால் எலி. எலிக்குப் பதில் மனுஷி வந்து உட்கார்ந்தால் மனுஷி.

துணியில் ஏறிய குஞ்சு உடனே கடிக்காது. மேலே மேலே போகும். துணி இறுக்கமாக உடம்போடு சேரும் இடத்தில் நின்றுவிடும். பாவாடை நாடா, உள்ளாடைப் பட்டி, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ் மடிப்பு, தொப்புள். அங்கே மெல்லிய தோலில் வாயை ஊன்றி எச்சிலை இறக்கும். எச்சில் பட்ட செல்கள் கரைய, சுற்றியுள்ள திசு இறுகி ஒரு நுண்ணிய குழாயாகிவிடும். அந்தக் குழாய் வழியே இரண்டு மூன்று நாள் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். வலி கிடையாது. எச்சிலோடு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போயிருந்தால், ஒன்றரை வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். ஸ்கிரப் டைபஸ் என்பது இதுதான். உண்ணிக்காய்ச்சல் என்று பத்திரிகைகளில் வருவதும் இதுவே.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காய் எடுத்த இரண்டு பெண்களில் ஒருத்தி படுத்துவிடுவாள், மற்றவள் மறுநாளும் ஜீப் ஏறுவாள். இந்தப் புதிருக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விடை கிடைத்தது. பர்மா முனையில் ஜப்பானியத் தோட்டாவோடு இந்தக் காய்ச்சலும் படைகளைத் தின்றுகொண்டிருந்தபோது இம்பாலில் ஆராய்ச்சி செய்த ரால்ஃப் ஆடி, பூச்சி நிலமெங்கும் பரவியிருப்பதில்லை, தீவு தீவாக இருக்கிறது என்று கண்டார். சில சதுர மீட்டரில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பக்கத்திலேயே ஒன்றுகூட இருக்காது. தாய்ப்பூச்சி கிருமியை முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கொடுத்துவிடுவதால், ஒரு தீவு பல தலைமுறைக்கு விஷத்தீவாகவே நீடிக்கலாம்.

பூச்சி குடித்துவிட்டுப் போன இடத்தில் முதலில் ஒரு சிறு கொப்புளம் எழும்பும். அது உடைந்து புண்ணாகி, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஆகும். சிகரெட் சூடு வைத்தது போல இருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எஸ்கார் என்று பெயர். தென்னிந்தியாவில் இந்தக் காய்ச்சல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. பொருத்தமான காய்ச்சலோடு இதைப் பார்த்துவிட்டால் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த லேபும் தராத துல்லியம் அந்தப் பொருக்கில் இருக்கிறது. சிக்கல், அதைப் பார்ப்பதில்தான். எந்த வார்டிலும் நடக்கக்கூடிய ஒரு பேச்சு இது:

“எத்தனை நாளா காய்ச்சல்மா?”

“போன வெள்ளிக்கிழமையிலருந்து சார். மேலெல்லாம் ஒரே வலி. ரெண்டு ஊசி போட்டேன், கேக்கல.”

“அக்கா, இடுப்புல, அக்குள்ல எங்கயாச்சும் புண்ணு இருக்கா?” இது நர்ஸ்.

“புண்ணெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வலிக்காதது, அரிக்காதது, சீழ் வைக்காதது அவருக்குப் புண் அல்ல. திரையை இழுத்துவிட்டு, நாடாவைத் தளர்த்தச் சொல்லி, இடுப்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் முதுகுப் பக்கம் சுண்டுவிரல் நக அளவில் கறுப்பாக இருக்கும். “அதா, நாடா ஒரசுனதும்மா” என்பார்.

இரண்டு நிமிஷ வேலை. ஆனால் திரை வேண்டும், பெண் ஊழியர் வேண்டும், வாசலில் நிற்கும் கூட்டத்தை மறக்கும் மனசு வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தப் பொருக்கு எங்கே இருக்கிறது என்று நூற்றுக்கணக்கான நோயாளிகளில் பதிவு செய்தது. பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும், ஆண்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் பிறப்புறுப்பிலும்தான் அதிகம் என்று தெரியவந்தது. சட்டையைத் தூக்காமல், சேலையை விலக்காமல் செய்யும் பரிசோதனையில் அகப்படாத இடங்களாகவே பார்த்துப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது.

இனி தடிப்புக்கு வருவோம். காய்ச்சலோடு தோலில் தடிப்பு என்றால் நம் ஊரில் முதலில் வருவது லேப் அல்ல, வேப்பிலை. அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால் மருந்து கூடாது, ஊசி கூடாது. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்துகொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருப்பார்கள். தானாகவே சரியாகிவிடும் சின்னம்மைக்கு இந்த ஓய்வும் ஒதுக்கமும் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. ஆனால் ஸ்கிரப் டைபஸுக்கு ஒரு வாரம் காத்திருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அம்மன் மேல் பக்தி இருக்கட்டும். மருந்தும் கூடவே போகட்டும்.

தடிப்பைப் படிப்பது ஒரு கலை, அதற்கு விதிகள் உண்டு. தட்டம்மை காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். கூடவே இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்த கண். சின்னம்மையில் நீர்க்கொப்புளம், புதிதும் பழையதும் காய்ந்ததும் ஒரே இடத்தில் கலந்திருக்கும். டெங்குவில் முதல் இரண்டு நாள் முகமும் மார்பும் சிவந்து கனன்று, பிறகு ஐந்தாறு நாள் கழித்து, காய்ச்சல் விடும் சமயத்தில், சிவந்த தோலுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகளாக ஒரு தடிப்பு வரும், உள்ளங்கை அரிக்கும். சிக்குன்குனியாவில் தடிப்பை மூட்டுவலி முந்திக்கொள்ளும். உண்ணிகள் பரப்பும் புள்ளிக்காய்ச்சலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடப் புள்ளிகள் தெரியும். எலிக்காய்ச்சலில் தோலை விடக் கண்ணைப் பார்க்க வேண்டும்: பீளை இல்லாமல் ரத்தச் சிவப்பு, கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே துள்ளுவார்கள். இவை போக, நான்கு நாளாக விழுங்கிய மாத்திரைகளில் ஒன்று ஒத்துக்கொள்ளாமல் வரும் தடிப்பு எல்லாவற்றோடும் வந்து கலந்துகொள்ளும்.

எந்தத் தடிப்பானாலும் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரின் பக்கத்தைத் தோலில் அழுத்தி, உள்ளே பாருங்கள். சிவப்பு மறைந்தால் ரத்தக்குழாய் விரிந்திருக்கிறது. மறையாவிட்டால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு மறையாத புள்ளி என்றால் காலை வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

விதிகள் சரி. ஆனால் அவற்றோடு பாடப்புத்தகத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. ஸ்கிரப் டைபஸின் தடிப்பு மங்கலானது. ஐந்தாம் நாள் வாக்கில் வயிற்றிலும் மார்பிலும் தோன்றிச் சில நாளில் மறைந்துவிடும். வெயிலில் கறுத்த தோலில், டியூப்லைட் வெளிச்சத்தில், அது கண்ணில் படுவது அரிது. இந்தியாவிலிருந்து வரும் பல ஆய்வுகளில் ஸ்கிரப் டைபஸுக்குத் தடிப்பு குறைவு என்று எழுதியிருப்பார்கள். தடிப்பு குறைவா, பார்க்க முடிந்தது குறைவா என்பது என் சந்தேகம். எப்படியானாலும் தடிப்பு இல்லை என்று சொல்லி இந்த நோயை விலக்கக் கூடாது.

பிளேட்லெட் குறைந்தால் டெங்கு என்பது ஊரறிந்த சூத்திரம். அது தவறு. ஸ்கிரப் டைபஸிலும் குறையும், எலிக்காய்ச்சலிலும் குறையும், மலேரியாவிலும் குறையும். கல்லீரல் நொதிகள் இந்த நான்கிலுமே ஏறலாம். வெள்ளணுக்கள் கொஞ்சம் துப்புக் கொடுக்கும்: டெங்குவில் அவை வழக்கமாக இறங்கும், ஸ்கிரப்பிலும் எலிக்காய்ச்சலிலும் சாதாரணமாகவோ கூடியோ இருக்கும். துப்புதான், தீர்ப்பு அல்ல.

அப்படியானால் குறிப்பான பரிசோதனைகள் எதற்கு இருக்கின்றன? இங்கேதான் காலண்டர் முக்கியமாகிறது. டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதம் காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்தாம் நாள் வரை ரத்தத்தில் நன்றாகத் தெரியும், அதன்பின் குறையும். உடம்பு தயாரிக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் நான்கைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். இரண்டு மூன்று மாதம் நிற்கும். ஸ்கிரப் டைபஸின் ஐ.ஜி.எம். முதல் வாரக் கடைசியில் வரும். பல மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும், தங்கிவிடும். ஆகவே மூன்றாம் நாள் எடுத்த ஸ்கிரப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. எட்டாம் நாள் எடுத்த என்.எஸ்.1 நெகட்டிவ் என்றாலும் அப்படியே. காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தங்கிவிடும் எதிர்ப்பொருள் பழைய கதையைப் புதிய கதை போலச் சொல்லும். ஆண்டுதோறும் அதே தோட்டத்தில் உட்காரும் பெண்ணுக்கு, போன தைமாதம் வந்து போன லேசான ஸ்கிரப் டைபஸின் எதிர்ப்பொருள் இந்த ஐப்பசியிலும் ரத்தத்தில் இருக்கலாம். இப்போது கொசு கடித்து டெங்கு வந்தால் இரண்டு ரிப்போர்ட்டும் பாசிட்டிவ் ஆகும். பார்க்கிறவர் இரட்டைத் தொற்று என்பார்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை போடியின் புள்ளிவிவரம் அல்ல, வெறும் உதாரணம். டெங்கு உறுதியான 200 பேரை எடுத்து எல்லோருக்கும் ஸ்கிரப் ஐ.ஜி.எம். பார்க்கிறோம். அவர்களில் 10 பேருக்கு உண்மையிலேயே இரண்டும் இருக்கிறது. பரிசோதனை 9 பேரைப் பிடிக்கிறது. மீதி 190 பேரில் பத்தில் ஒருவருக்குப் பழைய எதிர்ப்பொருளாலோ குறுக்கு வினையாலோ பாசிட்டிவ் காட்டுகிறது. அது 19 பேர். ஆக இரட்டைப் பாசிட்டிவ் 28 பேர். உண்மையான இரட்டைத் தொற்று 9. மூன்றில் இரண்டு பங்கு பொய். பரிசோதனை மோசமானது என்பதால் வந்த பொய் அல்ல இது. அரிதானதைத் தேடும் எந்தப் பரிசோதனைக்கும் இதே கதிதான்.

உண்மையை உறுதிசெய்ய வழி உண்டு. இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம், அல்லது பி.சி.ஆர். மூலம் கிருமியின் மரபணுவையே தேடலாம். ஆராய்ச்சிக்கு அது சரி. தினக்கூலியை விட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து எந்த அம்மா ரத்தம் கொடுக்க வருவார்?

உண்மையான இரட்டைத் தொற்றும் வரத்தான் செய்கிறது. டெங்குவும் ஸ்கிரப்பும், எலிக்காய்ச்சலும் ஸ்கிரப்பும், மலேரியாவும் டெங்குவும் சேர்ந்த நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவமனைகள் எழுதியிருக்கின்றன. போடிச் சரிவில் பருவமும் அதற்குத் தோதாக இருக்கிறது. ஆடி ஆவணி தொட்டுத் தை வரை காய் எடுப்பு. ஐப்பசி கார்த்திகையில் கீழே வடகிழக்கு மழையும் ஏடிஸ் கொசுவும். அதே குளிர்ந்த மாதங்களில்தான் ஸ்கிரப் டைபஸும் உச்சத்துக்கு வரும். கண்டுபிடிக்கும் வழி, ஒரு நோயின் வழக்கமான நடை எங்கே தவறுகிறது என்று கவனிப்பது. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் விட்டுவிடும். எட்டாம் நாளும் கொதித்தால், வெள்ளணு இறங்குவதற்குப் பதில் ஏறினால், மூச்சு வாங்கினால், கிரியேட்டினின் கூடினால், கையில் டெங்கு பாசிட்டிவ் சீட்டு இருந்தாலும் திரையை இழுத்துவிட்டு மறுபடியும் தோலைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல்களைக் குழப்பிக்கொண்டதன் வரலாறு நீளமானது. பெரியாறு அணை கட்டியபோது காட்டு முகாம்களில் காய்ச்சலும் காலராவும் கூலியாட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. மலைக்காய்ச்சல், மலேரியா என்று பெயர் எழுதி வைத்தார்கள். அணை திறந்தது 1895இல். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897இல். அந்த மலைக்காய்ச்சல்களில் எத்தனை பூச்சிக்காய்ச்சல், எத்தனை எலிக்காய்ச்சல் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

பிரிக்கும் வழி ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. 1916இல் எட்மண்ட் வெயில், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர், டைபஸ் நோயாளியின் சிறுநீரில் புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். அது நோய்க்குக் காரணமே அல்ல. ஆனால் டைபஸ் நோயாளிகளின் ரத்தநீர் பட்டால் அது திரிந்து கட்டிக்கொண்டது. சம்பந்தமில்லாத கிருமியை வைத்துச் சம்பந்தமுள்ள நோயைக் கண்டுபிடிக்கும் இந்த வெயில்–ஃபெலிக்ஸ் பரிசோதனை, செலவு குறைவு என்பதால், இந்தியாவில் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. 1920களில் கோலாலம்பூரில் ஃப்ளெட்சர், லெஸ்லர் என்ற மருத்துவர்கள் இதன் இரண்டு வகைக் கிருமிகளைக் கொண்டு, நகரத்துக் கடைகளில் வரும் டைபஸும் தோட்டப்புதர்களில் வரும் டைபஸும் வேறு வேறு என்று காட்டினார்கள். அந்நாளைய மலாயாவின் ரப்பர் தோட்டக் கூலிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். போடிச் சரிவின் கதைக்கு அங்கே ஒரு முன்கதை இருக்கிறது.

அதே கோலாலம்பூரில் 1948இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் ஓர் அமெரிக்கக் குழு குளோராம்ஃபெனிகால் என்ற புது மருந்தை ஸ்கிரப் டைபஸுக்குக் கொடுத்துப் பார்த்தது. சாவோடு போராடியவர்கள் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். ஸ்கிரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்டவர்களில் டைபாய்டு நோயாளியும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காய்ச்சலும் இறங்கியிருந்தது. டைபாய்டுக்கு உலகின் முதல் சரியான மருந்து இப்படி ஒரு தவறான நோய்க்கணிப்பிலிருந்து கிடைத்தது.

இந்தக் கதைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பின்கதை உண்டு. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் காய்ச்சல் என்றால் குளோராம்ஃபெனிகாலும் டெட்ராசைக்ளினும் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. ஸ்கிரப் டைபஸ், யாரும் பெயர் சொல்லாமலேயே குணமானது. மறைந்துவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு பழக்கம் மாறி, செஃபிக்ஸைமும் செஃப்ட்ரியாக்ஸோனும் வந்தன. இவை டைபாய்டுக்கு நல்ல மருந்து. செல்லுக்குள் ஒளிந்து வாழும் ஓரியன்ஷியாவை ஒன்றும் செய்யாது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலூர் மருத்துவர்கள் குளிர்மாதங்களில் காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தவர்களைத் தோண்டித் துருவியபோது பழைய ஆள் மறுபடி அகப்பட்டான். 2010இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குறிப்பான அடையாளம் இல்லாத காய்ச்சலோடு சேர்ந்த 398 பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருந்தது ஸ்கிரப் டைபஸ். டெங்கு நூற்றுக்கு ஏழு.

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் 37 கிராமங்களில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களைப் பின்தொடர்ந்து 2025இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: இந்தக் கிருமி அங்கே ஆண்டுக்கு நூற்றில் பத்துப் பேர் வரை தொற்றுகிறது, பெரும்பாலோருக்கு நோயாகத் தெரிவதில்லை. எதிர்ப்பொருள் மட்டும் தங்கும். மேலே போட்ட கணக்கில் அந்த 19 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது இப்போது புரியும்.

மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? என் கருத்தில், சந்தேகம் நியாயமாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் தொடங்குவதே சரி. விலை குறைந்த மாத்திரை. ஸ்கிரப் டைபஸானால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். எலிக்காய்ச்சலுக்கும் வேலை செய்யும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். அந்த 28 பேருக்கும் கொடுத்தால் 19 பேருக்குத் தேவையில்லாமல் போகும். ஆனால் பெரிய கெடுதல் இல்லை. கொடுக்காமல் விட்டால் அந்த 9 பேரில் சிலரை ஐ.சி.யு.வில் பார்க்க வேண்டிவரும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது நல்லது என்று, வேலூரை மையமாகக் கொண்டு இந்திய மருத்துவமனைகளில் 794 பேரிடம் நடந்த சோதனை 2023இல் காட்டியது. தனி மருந்து பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மரணமோ, விடாத காய்ச்சலோ, தீராத சிக்கலோ இருந்தது. சேர்த்துப் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு.

மாத்திரை கொடுத்ததும் டெங்குவை மறந்துவிடவும் கூடாது. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் விடும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், சலைன் தேவைப்படும். ஸ்கிரப் டைபஸில் நுரையீரல் கசியும். அளவு பார்க்காமல் ஏற்றிய சலைன் மூச்சை அடைக்கும். இரண்டும் சேர்ந்தவருக்கு ஒவ்வொரு பாட்டிலையும் அளந்து ஏற்ற வேண்டும். இந்த வேலைக்குக் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடம் வேண்டும். தெருமுனை கிளினிக்கில் போடும் பாட்டில் போதாது.

கடைசியாக ஒரு நிர்வாகச் சிக்கல். பூச்சி கடித்தது இடுக்கி மாவட்டத்தில். காய்ச்சல் வந்தது தேனி மாவட்டத்தில். நோயாளியின் முகவரி போடி என்று பதிவாகும். பூச்சித்தீவு எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்பது எங்கும் பதிவாகாது. கேஸ் சீட்டில் ‘எந்தத் தோட்டத்தில் வேலை’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் அது பதிவாகும். கணினியும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம்.

அதுவரை நோயாளிதான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிறவரோ அவர் வீட்டாரோ இதைப் படித்தால், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேட்காமலேயே சொல்லுங்கள்: காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள், கடைசி மூன்று வாரத்தில் எந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்தீர்கள், இதுவரை என்னென்ன மாத்திரை, ஊசி. கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெண் ஒருவரிடம் சொல்லி இடுப்பு, அக்குள், மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் பொருக்கு தெரிந்தால், வலிக்கவில்லை என்றாலும், டாக்டரிடம் காட்டாமல் வராதீர்கள்.